நெஞ்சு படபடப்புக்குச் சத்து மாத்திரையா? முதலில் ரத்தத்தைச் சோதியுங்கள்!



"நெஞ்சு படபடன்னு அடிக்குது, நடுவுல ஒரு துடிப்பு விட்டு விட்டுப் போவுது" என்று சொல்பவர்கள் நம்மிடையே பலர் உண்டு. பக்கத்து வீட்டார் உடனே வைத்தியம் சொல்லிவிடுவார்கள்: "உடம்புல சத்து இல்லண்ணே. பொட்டாசியம், மக்னீசியம் மாத்திரை சாப்பிடுங்க, சரியாப் போயிடும்." சம்பளம் போட்ட வாரம் பார்த்து நேரடி விற்பனைக்காரரும் வீடு தேடி வருவார். பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் கடைகளிலும் சத்து மாத்திரை பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. ரத்தத்தைச் சோதிக்காமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள் என்பதே நம் கருத்து.

இந்தச் சத்துகளுக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. சம்பந்தம் மிகப் பெரியது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்பு நீரில் துடிக்க வைத்துப் பார்த்தார். காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கலந்தபோது துடிப்பு அடங்கிப்போனது. குழாய்த் தண்ணீரில் கலந்தபோது தொடர்ந்து துடித்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துதான் காரணம் என்று 1883இல் எழுதினார். பொட்டாசியமும் அளவோடு வேண்டும், அளவு மீறினால் இதயமே நின்றுவிடும் என்பதும் அவருடைய சோதனைகளில் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் 'ரிங்கர்' டிரிப் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற நம் பழமொழி இங்கே அப்படியே பொருந்தும்.

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறக்குறைய 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி, நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரை ஆகியவற்றால் அது குறையலாம். ஒமிப்ரசோல் போன்ற வயிற்று மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் மக்னீசியம் குறையலாம். சிறுநீரகம் கெட்டிருந்தால் நேர்மாறாக நடக்கும். இரண்டும் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். பெரிண்டோப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளும், ஸ்பைரனோலாக்டோனும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. குறைந்தாலும் துடிப்பு தடுமாறும், கூடினாலும் தடுமாறும். எது என்பதை நாடியைப் பிடித்துச் சொல்ல முடியாது, ரத்தம்தான் சொல்லும்.

நம் ஆட்கள் இதில் ஏன் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்? 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு! நீரிழிவு சத்தமில்லாமல் சிறுநீரகத்தை அரிக்கும் நோய். சிறுநீரகம் பழுதானது தெரியாமலே பொட்டாசியம் மாத்திரை விழுங்கினால் என்ன ஆகும்? 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதிலும் பெரும்பாலும் பொட்டாசியம் உண்டு.

இளநீரிலும் பொட்டாசியம் நிறையவே இருக்கிறது. கடும் வெயிலில் டென்னிஸ் ஆடிய ஒருவர் ஒரே நாளில் எட்டு பாட்டில் இளநீர் குடித்து, பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதை 2014இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் வெளியிட்டது. குலை வெட்டிவிட்டு வந்து ஓர் இளநீர் குடிப்பதில் தப்பில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் டாக்டரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

இன்னொன்று. துடிப்புக் கோளாறு எல்லாமே சத்துக் குறைவால் வருவதல்ல. தைராய்டாலும் வரும், ரத்த சோகையாலும் வரும். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற கோளாறில் இதயத்தின் மேலறைகள் நடுங்கி, அங்கே ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய் அடைத்துப் பக்கவாதம் கொண்டுவரலாம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதற்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தேவைப்படும். பாட்டில் மாத்திரையை நம்பி ஆறு மாதம் கடத்தினால், கைகால் விழுந்த பிறகா அழுவது?

விற்பவர் "இது ஹார்ட்டுக்கு மருந்து" என்றால் விழித்துக்கொள்ளுங்கள். 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், இதய நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. பாட்டிலில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் 'என்' எழுத்தில் முடிந்தால் அது துணைச் சத்துப் பொருள். விற்க அனுமதி உண்டு என்று பொருளே தவிர, இதயத்தைக் குணமாக்கும் என்று அல்ல.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள், பொட்டாசியம், சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரையையும், சத்து பாட்டில் உட்பட, பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். டாக்டரே பொட்டாசியம் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். படபடப்போடு மயக்கம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் காத்திருக்க வேண்டாம், 999ஐ அழையுங்கள்.

"கிளினிக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்ற பயம்தான் பலரைப் பாட்டிலிடம் தள்ளுகிறது. டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்துடன் விடுப்பு தர 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது: இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். இது சலுகையல்ல, உரிமை! எம்.சி. கிடைக்காத ரத்தப் பரிசோதனை நாளுக்கும் சம்பளம் கேட்டு நிர்வாகத்திடம் பேசுவது நம் சங்கத்தின் வேலை. கிளைக் கூட்டங்களில் இதை எழுப்புங்கள்.

தோழர்களே, உழைத்துச் சம்பாதித்த காசைப் பாட்டிலில் போடுமுன் ஒரு குழாய் ரத்தம் கொடுங்கள். சத்து தேவையென்றால் டாக்டரே எழுதித் தருவார்.