பழைய கணினியைப் பரணில் ஏற்றுமுன்

 

"வீடியோ மெமரி போதவில்லை. இனி இது தேறாது. புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்." மெதுவாக இயங்கும் பழைய கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டுசெல்லும் பலர் கேட்டுத் திரும்பும் தீர்ப்பு இது. அதைக் கேட்ட குடும்பம் நகையை அடகு வைக்கவோ மாதத் தவணைக்குக் கையெழுத்திடவோ ஆயத்தமாகிறது. தவணையோடு வட்டியும் வீட்டுக்குள் நுழைகிறது. அதற்கும் வழியில்லாதவர்கள் கணினியைப் பரணில் ஏற்றிவிட்டுப் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுக்கிறார்கள். கல்லூரிக்குச் செல்ல இயலாமல் வீட்டிலிருந்தே அஞ்சல்வழியில் பயிலும் நம் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பழைய கணினியே வகுப்பறை என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தீர்ப்பு பெரும்பாலான வீட்டுக் கணினிகளின் விஷயத்தில் பிழையானது என்பதே என் கருத்து. வீட்டுக் கணினி மந்தமாவதற்கு வீடியோ மெமரி காரணமாக இருப்பது அரிது. உண்மைக் காரணத்தை அறியாமல் செலவழிக்கும் பணம் வீண்விரயமாகவே முடியும்.

நம் பகுதி வீடுகளில் இன்னும் உயிரோடிருக்கும் பழைய கணினிகளில் கணிசமானவை அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகள். 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் அத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அண்ணனுக்குக் கிடைத்தது தங்கைக்கும், தங்கையிடமிருந்து தம்பிக்கும் கைமாறி வந்திருக்கிறது. இவற்றுக்கும், இதே காலத்து மேசைக் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு: தனியான கிராபிக்ஸ் கார்டு கிடையாது. திரைக்குரிய வேலையையும் கணினியின் மையச் சில்லோடு இணைந்த பகுதியே செய்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

ஒரு வகுப்பறையை உவமையாகக் கொள்வோம். அங்கே நூல்கள் நிறைந்த அலமாரி இருக்கிறது. மாணவன் முன்னே சிறு மேசை இருக்கிறது. எதிரே கரும்பலகை இருக்கிறது. அலமாரிதான் ஹார்டு டிஸ்க். அதில் ஏராளமாகச் சேமிக்கலாம். ஆனால் எழுந்து சென்று எடுத்துவர நேரமாகும். மேசைதான் ரேம் எனப்படும் முதன்மை நினைவகம். இப்போது படிக்கும் நூல்கள் அதன்மீது விரிந்திருக்கும். கரும்பலகைதான் வீடியோ மெமரி. கண்ணுக்குத் தெரியவேண்டியது அதில் எழுதப்படுகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் தனிக் கரும்பலகை கிடையாது. மேசையின் ஒரு மூலையை ஒதுக்கி, அதையே பலகையாகப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தப் பலகை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். அக்காலத்து மடிக்கணினிகளில் பரவலாகக் காணப்படும் திரையில் குறுக்கே 1,366, நெடுக்கே 768 புள்ளிகள் உண்டு. பெருக்கினால் 10,49,088. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 4 பைட்டுகள் என்று கொண்டால், ஒரு முழுத்திரைப் படத்துக்கு ஏறத்தாழ 4 எம்பி போதும். 1,920க்கு 1,080 என்ற பெரிய திரைக்கும் 8 எம்பியே தேவை. 1987இல் ஐபிஎம் நிறுவனம் விஜிஏ என்னும் திரைமுறையை அறிமுகப்படுத்தியபோது அதன் வீடியோ மெமரி 256 கேபி மட்டுமே. 640க்கு 480 புள்ளிகளில் 16 நிறங்களைக் காட்ட அதுவே தாராளமாக இருந்தது.

இன்றைய கணினி ஒரு படத்தோடு நிற்பதில்லை என்பது உண்மைதான். திறந்துள்ள ஒவ்வொரு சாளரத்தின் படத்தையும் தனித்தனியே வைத்திருந்து ஒன்றாகக் கோக்கிறது. காணொளியின் அடுத்தடுத்த படங்களை முன்கூட்டியே ஆயத்தம் செய்கிறது. அப்படியிருந்தும் கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், பாடம் கேட்கவும், இணையத்தில் தேடவும் சில நூறு எம்பிக்குள் வேலை முடிந்துவிடும். ஜிபி கணக்கில் வீடியோ மெமரி வேண்டியவர்கள் முப்பரிமாண வரைபடம் வரைவோர், பெரிய காணொளிகளைத் தொகுப்போர், புதிய விளையாட்டுகளை ஆடுவோர் ஆகியோரே. அத்தகையோர் தனி கிராபிக்ஸ் கார்டுள்ள கணினியை வாங்குவதை நான் குறைசொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தேவையில்லை.

அப்படியானால் கணினி ஏன் திணறுகிறது? 2 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒரு பங்கைத் திரைக்கென ஒதுக்கியாயிற்று. எஞ்சியதில் பெரும்பகுதியை விண்டோஸும் வைரஸ் தடுப்பு மென்பொருளும் எடுத்துக்கொள்கின்றன. பிறகு பிரவுசரில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தால் மேசை நிரம்பிவிடுகிறது. இடமில்லாதபோது கணினி மேசையிலுள்ள நூலை அலமாரியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துவருகிறது; மறுகணமே பழையது தேவைப்பட, மீண்டும் எழுந்து ஓடுகிறது. சுழலும் தட்டுள்ள ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஏறத்தாழ நூற்றில் ஒரு நொடி ஆகும். ஆயிரக்கணக்கான ஓட்டங்கள் சேரும்போது திரை உறைந்து நிற்கிறது. திரை உறைவதைப் பார்ப்பவர் திரையின் நினைவகத்தில் குறை என்று எண்ணுகிறார். குறை மேசையிலும் அலமாரியிலும் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பயாஸ் அமைப்புக்குள் சென்று வீடியோ மெமரியின் அளவைக் கூட்டிவிட்டால் வேகம் வந்துவிடும் என்று சிலர் அறிவுரை கூறுவார்கள். 2 ஜிபியில் 512 எம்பியைத் திரைக்கு ஒதுக்கினால் மீதமுள்ள வேலைகள் அனைத்துக்கும் ஒன்றரை ஜிபிதான் மிஞ்சும். ஏற்கெனவே போதாத மேசையை மேலும் வெட்டிக் குறுக்குவது எப்படித் தீர்வாகும்?

காரணத்தைக் கண்டறிய யாருக்கும் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை. வழக்கமாகப் பயன்படுத்தும் மென்பொருள்களைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10இல் அதிலேயே மெமரி எவ்வளவு நிரம்பியுள்ளது, டிஸ்க் எவ்வளவு உழைக்கிறது என்பது விழுக்காட்டில் தெரியும். மெமரி 90ஐத் தாண்டி, டிஸ்க்கும் 100இலேயே நின்றால் நோய் எதுவென்று தெளிவாகிவிட்டது. இரண்டும் குறைவாக இருந்து, சிபியு மட்டும் ஓயாமல் உச்சத்தில் நின்றால் வேறு காரணத்தைத் தேடவேண்டும்.

சிகிச்சையைச் செலவில்லாததிலிருந்து தொடங்குவதே முறை. கணினியை இயக்கியதும் தாமாகவே எழும் மென்பொருள்களை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நிறுத்திவையுங்கள். பயன்படாத மென்பொருள்களை நீக்குங்கள். சாளரங்களின் நிழல், அசைவு போன்ற அலங்காரங்களை நிறுத்துங்கள். பழைய சில்லுகளில் பலவற்றால் யூடியூப் இன்று அனுப்பும் புதியவகைக் காணொளிகளைத் தம்மிலுள்ள தனிச்சுற்று கொண்டு விரிக்க இயலாது; சிபியுவே அந்தச் சுமை முழுவதையும் தூக்குகிறது. ஆகவே பாடம் கேட்கும்போது தரத்தை 480க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். உஸ்தாதின் குரல் குறையாது!

அடுத்தது தூசும் வெப்பமும். கோடையில் தமிழ்நாட்டின் மிக வெப்பமான ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வருவது நாம் அறிந்ததே. 40 பாகையைத் தாண்டும் அறையில், தூசு அடைத்த காற்றாடியோடு இயங்கும் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திறந்து தூசு நீக்கி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே சில கணினிகள் சுறுசுறுப்பாகிவிடும்.

அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் இரண்டு பொருள்களுக்குப் பணம் செலவிடலாம். முதலாவது, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி. அதில் சுழலும் தட்டு இல்லாததால் தேடியெடுக்கும் நேரம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறையும். மாற்றுமுன் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைப்பது கட்டாயம். இரண்டாவது, கூடுதல் ரேம். டிடிஆர்3, டிடிஆர்4 ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தா. உங்கள் கணினி ஏற்பது எது, காலியான இடம் உண்டா என்று பார்த்தே வாங்குங்கள். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். திரை தன் நினைவகத்தை ரேமிலிருந்தே பெறுவதால், ரேமைக் கூட்டுவது அதற்கும் உதவும். இணையாக இரண்டு ரேம் துண்டுகள் இருந்தால் தரவு இரு வழிகளில் ஓடும். அதனால் காட்சிகளும் விரைவு பெறும்.

இன்னொரு கேள்வி எழும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 இப்பழைய கணினிகளை ஏற்பதில்லை. எனவே தூக்கி எறியத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. லினக்ஸ் இருக்கிறது. அரசின் முதல் மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய இயங்குதளம் அது. நாம்தான் அதன் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவினால் எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸும், இணையத்துக்கு பயர்பாக்ஸும் விலையின்றிக் கிடைக்கின்றன.

பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள நம் சகோதரர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். பொருளின் குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். இல்லாத குறையைச் சொல்லிப் புதியதை விற்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. வந்தவருக்கு டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டி, "குறை இங்கே இருக்கிறது" என்று விளக்க இரண்டு நிமிடம் போதும். அதற்குரிய கூலியைக் கேட்டு வாங்குங்கள். அது ஹலாலான உழைப்பு.

முற்றிலும் பயனற்றுப் போன கணினியைக் குப்பையில் எறியாதீர்கள். அதன் பலகைகளில் ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேரவேண்டும்.

நம் கையில் உள்ள பொருளும் ஓர் அமானிதமே. இந்த வாரம் பரணிலிருக்கும் கணினியை இறக்குங்கள். தூசு தட்டி, மூன்று விசைகளை அழுத்தி, அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். செலவுசெய்யும் முடிவு அதன்பிறகு இருக்கட்டும்.