புகையிலைக் காட்டில் முருங்கை வைக்கலாமா?

கேள்வி: தாத்தா காலம் முதல் புகையிலைதான் போடுகிறோம். முருங்கைக்கு மாறலாமா? – வேடசந்தூர் வாசகர்

பதில்: சந்தை மாறுவது உங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1948-ல் வேடசந்தூருக்கு ஆராய்ச்சி நிலையம் வந்ததே சுருட்டுப் புகையிலைக்காகத்தான். சுருட்டு மங்கியது, மெல்லும் புகையிலை நின்றது. சற்று உப்பான கிணற்றுநீரிலும் அது வரும். 2013-ல் குட்காவுக்குத் தடை வந்தபின், அதையே முழுக்க நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பி.கே.எம்.-1 முருங்கை ஆறு மாதத்தில் காய்க்கும். ஆனால் கோடையில் எல்லார் காயும் ஒட்டன்சத்திரம் சந்தையில் குவிந்தால் பறிகூலிகூடத் தேறாது. மார்கழிக் காய்க்குத்தான் விலை. அதனால் பாதி நிலத்தில் மட்டும் வையுங்கள். விதை வாங்குமுன் கிணற்றுநீரின் உப்பளவைப் பார்த்துவிடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அரை லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.