அறிக்கை எங்கே என்று கேட்டவர்

ரணில் விக்ரமசிங்கவை மெஹ்தி ஹசன் கிழித்துத் தொங்கவிட்டார் என்று சொல்லி, ஏழெட்டுப் பேர் ஒரே வீடியோத் துண்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். காலை நடைக்கு வரும் நண்பர்களும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். துண்டைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வது எனக்குப் பிடிக்காது. 2025 மார்ச் 6 அன்று அல் ஜசீராவில் ஒளிபரப்பான அந்தப் பேட்டியை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் ரணில் மேல் மட்டும் வரவில்லை.

எல்லோரும் அனுப்பிய அந்தத் துண்டு பட்டலந்த பற்றியது. விவரம் மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1980களின் கடைசியில் ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சி நடந்தது. ஜே.வி.பி.யும் கொன்றது, அரசும் கொன்றது. சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் காணாமல் போனார்கள். கொழும்புக்குப் பக்கத்தில், பட்டலந்தவில் அரசு உரக் கழகத்துக்குச் சொந்தமான குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கிருந்த வீடுகளில் ஆட்களை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்தார்கள் என்று புகார் எழுந்தது. ரணில் அப்போது அமைச்சர். சந்திரிகா 1995ல் ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தார். 1998ல் அறிக்கை வந்தது. ரணிலுக்கு இதில் மறைமுகப் பொறுப்பு உண்டு என்று அது சொன்னது. அவர் அன்றும் மறுத்தார், இன்றும் மறுக்கிறார். வழக்கு எதுவும் நடக்கவில்லை.

பேட்டியில் இதைக் கேட்டபோது, அந்த அறிக்கை எங்கே என்று திருப்பிக் கேட்டார் ரணில். ஹசன் ஒரு பிரதியைக் கையில் எடுத்துக் காட்டினார். உடனே பேச்சு மாறியது. அது நாடாளுமன்றத்தில் வைக்கப்படவே இல்லையே என்றார்.

நான் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன். இந்த வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். வேண்டாத கோப்பை யாரும் கிழித்துப் போட மாட்டார்கள். கிழித்தால் மாட்டிக்கொள்வோம். மேலே அனுப்பாமல் அடியில் வைத்துவிட்டால் போதும். யாராவது கேட்டால், "எனக்கு வரவில்லையே" என்று கைவிரிக்கலாம். அது உண்மையும்கூட! இளநிலை உதவியாளர் செய்தால் மெமோ வரும். ஆறு முறை பிரதமராகவும் ஒரு முறை ஜனாதிபதியாகவும் இருந்தவர் செய்தால் அதற்குப் பெயர் ராஜதந்திரம்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். பேட்டி வந்தது மார்ச் 6. அந்த அறிக்கை இலங்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது மார்ச் 14. எட்டே நாள். 1998 முதல் நகராத காகிதம் எட்டு நாளில் நகர்ந்துவிட்டது.

இத்தனைக்கும் அது ரகசியக் காகிதம் இல்லை. 2000த்திலேயே அச்சாகிவிட்டது. அப்படியானால் இத்தனை வருஷம் இவர்கள் எல்லோரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கமிஷனை அமைத்த சந்திரிகா 2005 வரை ஜனாதிபதியாக இருந்தார். பட்டலந்தவில் தன் பிள்ளைகள் செத்தார்கள் என்று சொல்லும் ஜே.வி.பி. 2004ல் அதே சந்திரிகாவோடு கூட்டணி அமைத்தது. இன்றைய ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க அன்று விவசாய அமைச்சர். அப்போது நாடாளுமன்றத்தில் மேசை இல்லையா? அவர்கள் கட்சி ஆட்சிக்கு வந்தது 2024 செப்டம்பரில். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் சும்மாதான் இருந்தார்கள். ரணிலைப் பேட்டி கண்ட பத்திரிகையாளர்கள்தான் எத்தனை பேர்! அந்தப் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு போக ஒருவருக்கும் தோன்றவில்லையா? ஊரார் பார்த்துச் சிரித்த பிறகுதான் வெட்கம் வந்தது. அதைத்தான் நாம் நீதி என்று கைதட்டுகிறோம்.

ஆனால் என் பெரிய கோபம் இதுவும் இல்லை.

அதே பேட்டியில், 2009ல் போரின் கடைசி மாதங்களில் தமிழர்களுக்கு நடந்ததும் கேட்கப்பட்டது. எந்தச் சமூகத்துக்குமே நீதி கிடைக்கவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார் ரணில். யாரோ வழிப்போக்கர் சொல்வது போலச் சொன்னார். நீதி கொடுக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யாராம்?

இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011லேயே சொல்லிவிட்டது. 2015ல் ரணில் பிரதமராக இருந்தபோது, வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் விசாரணைக்கு வழிசெய்யும் தீர்மானத்தை ஜெனீவாவில் இலங்கையே சேர்ந்து முன்மொழிந்தது. அப்படி ஒரு நீதிமன்றம் வரவே இல்லை. 2020ல் அடுத்த அரசு அந்த வாக்குறுதியிலிருந்தே விலகிக்கொண்டது. பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் போராட உட்கார்ந்தார்கள். பதில் கிடைக்காமலேயே அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

ஒரே பேட்டி, ஒரே மேடை. பட்டலந்தவுக்கு எட்டு நாளில் கதவு திறந்தது. முள்ளிவாய்க்காலுக்கு ஒரு தாள்கூட அசையவில்லை. பட்டலந்தவில் செத்த பிள்ளைகளுக்கு நீதி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தான். ஆனால் பட்டலந்தவைத் திறந்தால் அரசியல் எதிரி ஒருவர் மாட்டுவார், ஆளும் கட்சிக்கு லாபம். முள்ளிவாய்க்காலைத் திறந்தால் ராணுவம் மாட்டும், சிங்கள ஓட்டுப் போய்விடும். எந்தக் கோப்பு நகரும், எந்தக் கோப்பு நகராது என்பதற்கு இதுதான் கணக்கு.

எழுபத்தைந்து வயதுப் பெரியவரை மேடையில் உட்கார வைத்து இப்படிக் குறுக்கே குறுக்கே பேசலாமா என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். ஹசனின் பாணி எனக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. பதிலை முடிக்க விடுவதில்லை. இரண்டு மணி நேரம் பேசியதை ஒரு மணி நேரமாக வெட்டிவிட்டார்கள் என்று ரணிலும் குறைப்பட்டுக்கொண்டார். இருக்கட்டும். பட்டலந்தவுக்காகக் கூண்டில் ஏறாத மனிதருக்கு அதற்காக வந்த பெரிய தண்டனையே ஒரு மணி நேர டி.வி. நிகழ்ச்சிதான் என்றால், அதற்காக அவர் மேல் பரிதாபப்பட எனக்கு மனம் வரவில்லை.

வீடியோ அனுப்பிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் சிரித்து முடித்துவிட்டோம், அடுத்த வாரம் வேறு வீடியோ வரும். ரணில் கேட்டாரே, அறிக்கை எங்கே என்று, அது நல்ல கேள்விதான். அந்தத் தாய்மார்களும் அதையேதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு எடுத்துக் காட்ட ஒரு பிரதிகூட இதுவரை யார் கையிலும் இல்லை.