மீட்டருக்கு முன்னால் அனுமதிக் கடிதம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆண்டை ஒலியை வைத்தே சொல்லிவிடலாம். தை பிறப்பதற்கு முன்பே தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறந்துவிடும். மாசியில் திருவப்பூர் முத்துமாரியம்மன் பூச்சொரிதல், பங்குனியில் நார்த்தாமலையும் கொன்னையூரும், ஈஸ்டரை ஒட்டி ஆவூர்த் தேர். ஆடி, ஆவணியில் வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் மொய் விருந்து. மார்கழி முழுக்க விடியுமுன்னே பக்திப் பாட்டு. இவற்றுக்கு நடுவே கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், இரவோடு இரவாகப் போர் போடும் ரிக் வண்டி. மாசியும் பங்குனியும்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான மாதங்கள் என்பதையும் இந்தப் பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாசுக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்களும் காவல், வருவாய், உள்ளாட்சி அலுவலர்களும் இதைப் பேச உட்கார்ந்தால் பேச்சு உடனே டெசிபலுக்குப் போய்விடுகிறது. மீட்டர் யாரிடம் இருக்கிறது, யார் போய் அளப்பது, அளந்தது நீதிமன்றத்தில் நிற்குமா? ஏறத்தாழ ஐந்நூறு ஊராட்சிகள் உள்ள மாவட்டத்தில் திருவிழாப் பருவத்தின் ஒரே இரவில் எத்தனை இடங்களில் மைக்செட் ஓடும் என்று யோசித்தால், மீட்டரை நம்பி நடத்தும் கட்டுப்பாடு நடக்காத காரியம் என்பது புரியும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் ஒலிக் கண்காணிப்பு வலையமைப்பு 2011-இல் தொடங்கியது. அதன் 70 நிலையங்களும் ஏழு பெருநகரங்களில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை மட்டும்தான் அந்தப் பட்டியலில் வருகிறது. நம் மாவட்டத்துக்கு அந்த வசதி வரும்போது வரட்டும். அதுவரை ஒலிக் கட்டுப்பாட்டின் முதல் கருவி அனுமதிக் கடிதம்தான் என்பது எங்கள் கருத்து. வந்த பிறகும் அப்படித்தான்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளை நம்மில் பலர் அட்டவணையோடு நிறுத்திக்கொள்கிறோம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. அமைதி மண்டலத்துக்கு 50, 40. ஆனால் விதியின் பலம் அட்டவணையில் இல்லை, ஐந்தாம் விதியில் இருக்கிறது. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை, மூடிய அரங்குக்கு உள்ளே தவிர, எங்கும் கூடாது. அனுமதி பெற்றாலும் பொது இடத்தின் எல்லையில் அப்பகுதியின் வரம்பைவிட 10 டெசிபல் கூடுதலாகவோ 75 ஆகவோ, எது குறைவோ அதுவரைதான். தனியார் இடத்தின் எல்லையில் 5 டெசிபல்தான் கூடலாம். 2010-இல் வந்த திருத்தத்தைக் களத்தில் இருப்பவர்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. அதற்கு முன்பு வரம்பை 10 டெசிபல் தாண்டினால்தான் ஏழாம் விதியின்கீழ்ப் புகாருக்கு இடமிருந்தது. இப்போது இரவு நேரத் தடையை மீறினாலே போதும். அதைப் பார்க்கக் கடிகாரம் போதும். இரவு 10.40-க்குத் திறந்த வெளியில் குழாய் ஒலிபெருக்கி அலறுகிறது என்றால் அங்கே அளக்க ஒன்றுமே இல்லை. "மீட்டர் இல்லை, நாளைக்கு வந்து பார்க்கிறோம்" என்ற பதிலுக்கு விதியில் ஆதாரம் கிடையாது.

பகலில் நிலைமை வேறு. அங்கே அளவீடு தேவைப்படுகிறது, அளவீடோ நம்மை அடிக்கடி கைவிடுகிறது. வரம்புகள் சராசரியாக வகுக்கப்பட்டவை. பகல் என்பது 16 மணி நேரம். ஒரு மணி நேரம் 85 டெசிபல் ஓடி மற்ற நேரம் தெரு அமைதியாக இருந்தால் அன்றைய பகல் சராசரி 73. அதே 85 ஐந்து நிமிடம் மட்டும் ஓடினால் 62. அளந்த பத்து நிமிடத்தை அலுவலர் காட்டுவார், நாள் முழுவதையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காட்டுவார். இரண்டும் கணக்குப்படி சரி. எவ்வளவு நேரத்துக்கு எந்த இடத்தில் அளப்பது என்று அனுமதியிலேயே எழுதாதவரை இந்த வாதம் தீராது.

இன்னொரு சிக்கல் புதியது. நம் வரம்புகள் எல்லாம் 'ஏ' எடையில் உள்ளவை. தாழ்ந்த சுருதியை மனிதக் காது குறைவாகக் கேட்கிறது என்பதால் மீட்டரும் அதைக் குறைத்தே காட்டும். 63 ஹெர்ட்ஸில் சுமார் 26 டெசிபல் கழித்துவிடும். குழாய்க் காலத்துக்கு அது பொருந்தியது, குழாயில் பேஸ் கிடையாது. இன்று மண்டபத்து வாசலில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும் டிஜே பாக்ஸ்கள் உருவாக்குவது பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த பகுதியைத்தான். சுவரும் சன்னலும் உயர்ந்த சுருதியைத் தடுக்கும், பேஸைத் தடுக்காது. பக்கத்து வீட்டுப் பாத்திரம் அதிரும்போது மீட்டர் சாதுவாக 58 காட்டும். 'சி' எடையிலும் ஒருமுறை அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 15, 20 டெசிபலைத் தாண்டுகிறதா என்று அறிக்கையில் எழுதுவது நல்ல பழக்கம். விதி அதைக் கேட்கவில்லைதான். ஆனால் எட்டாம் விதியின்கீழ் ஒலியை நிறுத்தச் சொல்லி உத்தரவிடும் அலுவலருக்கு அந்த ஒரு வரி பெரிய துணை.

மீட்டரால் சொல்லவே முடியாத ஒன்றும் உண்டு: ஒலி யாருடையது என்பது. இந்தியாவில் குடியிருப்போர் சங்கங்கள் இன்றுவரை காட்டும் தீர்ப்பு சென்னையிலிருந்து போன வழக்கில் வந்தது. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் ஒரு கிறிஸ்தவச் சபையின் ஒலிபெருக்கிக்கும் மேளத்துக்கும் எதிராகப் போனார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்தபோது, இரைச்சலில் மாதவரம் நெடுஞ்சாலை வாகனங்களுக்கும் பங்கு இருப்பது தெரிந்தது. சபை அதையே பிடித்துக்கொண்டது. 2000 ஆகஸ்ட் 30-இல் உச்ச நீதிமன்றம் அதற்குள் சிக்கவில்லை. பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்ற அடிப்படையில் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது. சாலை இரைச்சல் சாலைக்குரிய பிரச்சினை, ஒலிபெருக்கி வைத்தவரின் கடமை தனி. தஞ்சாவூர்ச் சாலை, திருச்சிச் சாலை ஓரத்து மண்டபங்கள் இதே வாதத்தோடு வரும்போது நம் அலுவலர்கள் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு இது.

ஆக, அனுமதிக் கடிதம் என்ன சொல்ல வேண்டும்? "கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, இரவு 10 மணிக்குள் முடிக்க வேண்டும்" என்று இரண்டு வரி அச்சடித்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த முதல் வரிக்கு என்ன காரணம் என்று விண்ணப்பதாரருக்கு யாரும் சொல்வதில்லை. சொன்னால் பாதிப்பேர் கேட்பார்கள். ஒரு கூம்புக் குழாய் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபலை எளிதில் தரும். 25 வாட் கொடுத்தால் 119. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்ற கணக்கில் நேர் எதிரே நூறு மீட்டரில் 79. இரவு வரம்பான 45-க்கு இறங்க, தடையற்ற வெளியில், ஏட்டுக் கணக்குப்படி 5 கிலோமீட்டர் ஆகும். மரமும் வீடும் காற்றும் அதைக் குறைக்கும் என்றாலும் பொட்டல் நிலத்தில் குளிர்ந்த இரவில் அடுத்த ஊருக்குப் பாட்டு வரி தெளிவாகக் கேட்பதன் காரணம் இதுதான். அந்தக் குழாயை மின்கம்பத்துக்கு ஒன்றாக ஊர் எல்லைவரை கட்டிக்கொண்டே போனால் புள்ளி மூலம் கோட்டு மூலமாகிவிடும். இரட்டைத் தூரத்துக்கு 6 டெசிபல் குறைந்தது 3 டெசிபலாகிவிடும். விழா நடக்கும் இடத்தில் நூறு பேர், கம்பத்துக் குழாய்க்குக் கீழே தூங்க முடியாமல் ஆயிரம் பேர்.

எத்தனை பெட்டி, எங்கே, எந்தத் திசை நோக்கி, பந்தலின் எல்லைக்கு வெளியே ஒன்றுகூட இல்லை என்ற உறுதி, ஆம்ப்ளிஃபயரின் மொத்த வாட், அணைக்கும் நேரம், அணைக்கும் பொறுப்பாளர் பெயர், ஜெனரேட்டர் நிற்கும் இடம். இவ்வளவையும் ஒரு கைவரைபடத்தோடு வாங்கினால் நள்ளிரவுப் புகாரில் பெரும்பகுதி மாலையிலேயே தீர்ந்துவிடும். கையெழுத்து விழாக் கமிட்டித் தலைவருடையது மட்டும் போதாது, மைக்செட்காரருடையதும் வேண்டும். கமிட்டி ஆண்டுக்கு ஆண்டு மாறும். மைக்செட்காரர் மாற மாட்டார். இருபது ஊருக்குப் போகிறவர், செட் பறிமுதலானால் பருவமே போய்விடும் என்று அறிந்தவர். மத்திய வாரியம் வகுத்து 2020-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஏற்ற அளவுகோலில் ஒலிபெருக்கி மீறலுக்கு 10,000 ரூபாயும் கருவி பறிமுதலும் இருக்கின்றன. 2024 ஏப்ரல் 1 முதல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 15-ஆம் பிரிவில் சிறைத் தண்டனை போய், 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம்வரை அபராதம் வந்திருக்கிறது. மைக்செட் உரிமையாளர்களைத் தாலுகாவாரியாகக் கூட்டி இதைச் சொல்ல ஒரு மதியப் பொழுது போதும்.

கடினமான இடம் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. இந்த மாவட்டம் இசை நாடகத்தின் மண். நாடக நடிகர் சங்கம் உள்ள ஊர் புதுக்கோட்டை. சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வள்ளி திருமணம் போட்டால், ஊர் சாப்பிட்டு முடித்து இரவு பத்து மணி வாக்கில் பபூன் மேடையேறுவார், ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் தர்க்கம் முடிய விடியும். சட்டம் ஓயச் சொல்லும் நேரத்தில் நாடகம் தொடங்குகிறது. டிஜே பெட்டி ஒன்பதரைவரை ஊரை உலுக்கிவிட்டுச் சட்டப்படி போய்விடும், ஆர்மோனியமும் மிருதங்கமும் குற்றவாளியாகும். இது விதியின் குருட்டுத்தனம் என்றே நாங்கள் கருதுகிறோம். அதற்காக விடிய விடியத் திறந்தவெளி மைக்கை அனுமதிக்கலாம் என்று சொல்லவும் முடியாது. விதி இடம்தரவில்லை, கைக்குழந்தைக்காரியும் நோயாளியும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்.

விதி தரும் ஒரே வாசல் ஐந்தாம் விதியின் மூன்றாம் உட்பிரிவு. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் இரவு 10 முதல் 12 வரை மாநில அரசு விலக்குத் தரலாம். 2005-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. எந்தெந்த நாள் என்பதை மாநில அரசோ, அது அதிகாரமளித்த மாவட்ட நிர்வாகமோ முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று 2010-இன் திருத்தம் சொல்கிறது. மகாராஷ்டிரத்தில் மாவட்ட ஆட்சியர்கள் ஆண்டுதோறும் கணபதி, நவராத்திரி நாட்களைக் குறித்து அறிவிக்கிறார்கள். மும்பைக்கு அது எளிது, ஊர் முழுவதற்கும் ஒரே பண்டிகை. நமக்கு ஊருக்கு ஒரு காப்புக்கட்டு. ஆகவே அதிகாரம் மாவட்டத்துக்கு வர வேண்டும், நாட்கள் வட்டாரவாரியாகக் குறிக்கப்பட வேண்டும், பொதுத்தேர்வு நாட்களுக்கு முந்தின இரவுகள் அதில் இருக்கக் கூடாது. நாடகம் ஏழு மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடியும் வடிவத்துக்கு வர வேண்டியிருக்கும். கலைஞர்களுக்கு அது வலிக்கும். ஆனால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் கடைசி நேரத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஓடி நிபந்தனையோடு உத்தரவு வாங்கிவரும் இப்போதைய வழக்கத்தைவிட அது அவர்களுக்கு மேலானது.

தமிழர் விழாவுக்கு இடம் குறித்து ஒலி வகுத்த முன்னுதாரணம் கடல் கடந்தும் உண்டு. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்தது. பல்லாண்டு மனவருத்தத்துக்குப் பிறகு 2016-இல் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. மொத்தத் தடை நாற்பது ஆண்டுக்கு மேல் உரசலைத்தான் வளர்த்தது.

உள்ளூர்க் கட்டுப்பாட்டுக்கு நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் கூடு கட்டும் பறவைகளுக்காக ஊரே சேர்ந்து எடுத்த முடிவு. வனத்துறை ஆண்டுதோறும் இனிப்புக் கொடுத்துப் பாராட்டுகிறது. அந்த ஊர்களைப் போல எல்லா ஊரும் ஆகிவிடும் என்று நம்புவது மிகை. அங்கே காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, பருவமும் இடமும் வரையறுத்தவை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரையறையைத்தான்: 'ஒலி குறைப்போம்' என்ற பொதுத் தீர்மானம் காகிதத்தோடு போகும், 'பள்ளிக்கூடத் தெருவில் குழாய் கட்ட மாட்டோம்' என்பது நிற்கும்.

மொய் விருந்தும் அப்படித்தான். மொய் எழுதியவர் பெயரையும் தொகையையும் மைக்கில் சொல்வது அந்த வழக்கத்தின் உயிர். அதைப் பந்தலுக்குள் இருப்பவர்கள் கேட்டால் போதும். நான்கு சிறிய பெட்டிகளைச் சாப்பாட்டுப் பந்திக்கு மேலே கீழ்நோக்கிக் கட்டினால் வேலை முடிந்தது. வடகாட்டு மொய்க்கணக்கு அடுத்த ஊர்த் தோட்டம்வரை கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஒலிப் புகார் என்று வருவதில் ஒரு பகுதி ஒலியைப் பற்றியதே அல்ல என்பது களத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரு தரப்பின் விழா மைக்கை நிறுத்த இன்னொரு தரப்பு விதியைத் தேடி எடுக்கும், அடுத்த மாதம் அதுவே திரும்பி வரும். அலுவலர் இதில் தப்பிக்க ஒரே வழி, எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே வரைபடம், ஒரே நேரம். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் கட்சி மேடைக்கும் மார்கழி அதிகாலைப் பாட்டுக்கும் அதே படிவம். மார்கழியில் நாலரை மணி என்பது சட்டக் கணக்கில் இரவுதான். கோயில் வளாகத்துக்குள் பாடுவதற்குத் தடை இல்லை, கோபுரத்தில் கட்டிய குழாய்க்குத் தடை உண்டு. இதைச் சொல்லத் தயங்கும் அலுவலர் மற்ற பதினொரு மாதமும் எதையும் சொல்ல முடியாது.

ஜனவரி 26 கிராம சபை மாசித் திருவிழாக்களுக்கு முன்னால் வருகிறது, மே 1 கிராம சபை ஆடிக்கு முன்னால். அந்தந்தப் பருவத்துக்கான குழாய் கட்டாத தெருக்களின் பட்டியலும் அணைக்கும் நேரமும் அங்கே தீர்மானமானால், அதன் நகலைக் காவல் நிலையம் அனுமதிக் கடிதத்தோடு இணைத்துக் கொடுக்கலாம். 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த புதுக்கோட்டை நகரில் கிராம சபை இல்லை. அங்கே மண்டபங்களுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது, வாசலுக்கு வெளியே பெட்டி வைப்பதில்லை என்பதையும் ஜெனரேட்டருக்கு ஒலி தடுக்கும் கூடு உண்டு என்பதையும் நிபந்தனையாக்கும் வேலையை மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவிலிருந்து தொடங்கலாம்.