அந்தமான் காடும் அமெரிக்க பேண்ட்டும்

போன வருஷம் ஊருக்கு வந்த மச்சான் எனக்கென்று ஒரு பேண்ட் வாங்கி வந்தார். அவர் இருப்பது தெற்கு டகோட்டா. அங்கே அக்டோபர் வந்தால் ஃபெசன்ட் வேட்டை. முள்ளுப்புதருக்குள் நாயை விட்டுப் பறவையைக் கிளப்பிச் சுடுவார்கள். அதற்கென்றே தைத்த பேண்ட் இது. முன்பக்கம் முழுக்கத் தடித்த நைலான் துணியை இரண்டாம் அடுக்காக வைத்துத் தைத்திருக்கிறார்கள். "மாமா, நீங்கதான் ஞாயித்துக்கிழமையானா பறவை பறவைன்னு காட்டுக்குள்ள போறீங்களே, முள்ளு குத்தாது"ன்னார். நல்ல மனுஷன்.

நம்ம நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு துப்பாக்கியோடு போனால் நேரே ஜெயில்தான். ஒரு காலத்தில் இங்கேயும் பறவை பார்ப்பது என்றால் சுடுவதுதான். காங்கிரஸை ஆரம்பித்தாரே ஹ்யூம், அவர் 1873-ல் அந்தமானுக்கு வந்து சுட்டுச் சுட்டுத்தான் சேகரித்தார். நார்கொண்டம் இருவாச்சிக்கு அறிவியல் பெயர் வைத்ததும் அவரே. என் கையில் இருப்பது பைனாகுலர் மட்டும். (தங்கமணி பாஷையில், "பொழப்பத்த வேலை".)

சரி, ஆசையோடு கொடுத்தாரே என்று அந்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு சிடியா டாப்புக்குப் போனேன். போர்ட் பிளேரிலிருந்து தெற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று சொல்லவேண்டும், நாக்கு இன்னும் பழகவில்லை.) இருபது நிமிஷத்தில் தொடையிலிருந்து வேர்வை ஆறாக ஓடியது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நடக்க நடக்க நைலான் தொடையோடு தொடை உரசிச் சரக் சரக் என்று ஒரே சத்தம். அந்தமான் காணாங்கோழியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கூச்சக்காரப் பறவை என்று. அன்றைக்கு அதன் வால் நுனியைக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. வேட்டைக்காரனுக்குப் பறவை பயந்து கிளம்பவேண்டும், எனக்கு அது பயப்படாமல் இருக்கவேண்டும். அவனுக்குக் குளிரும் காய்ந்த முள்ளும் பிரச்சினை. இங்கே வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை, புழுக்கம், அட்டை, சட்டையைக் கொக்கி போட்டு இழுக்கும் பிரம்புக்கொடி. நல்ல பேண்ட் என்று பொதுவாக ஒன்று கிடையாது, எந்தக் காட்டுக்கு என்று கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

இதற்காக யாரும் அரை டிராயரில் கிளம்பிவிடாதீர்கள். இந்த விஷயத்தில் நான் சூடுபட்டவன். ப்ளஸ் ஒன் படிக்கும் பையன் "ரொம்பப் புழுங்குதுப்பா" என்றான், சரி போ என்று ஷார்ட்ஸிலேயே கூட்டிப்போனேன். புல்லில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். பத்து நாள் கழித்து அவனுக்குக் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, ஆனால் ஐந்து நாளாக இறங்கவும் இல்லை. கடைசியில் ஒரு டாக்டர்தான் முழங்காலுக்குப் பின்னால் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார். ஸ்க்ரப் டைபஸ். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் கொடுத்ததும் இரண்டு நாளில் இறங்கியது. விட்டிருந்தால் நுரையீரல், மூளை வரைக்கும் போயிருக்கும் என்றார். அந்த ஐந்து ராத்திரியும் நான் தூங்கவில்லை. தங்கமணி என்னைத் திட்டவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

ஜீன்ஸ் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நனைந்தால் இரண்டு கிலோ கனக்கும், இந்த ஈரத்தில் மூன்று நாளானாலும் காயாது. தொடை இடுக்கு புண்ணானால் எந்த மரங்கொத்தியும் அழகாகத் தெரியாது.

இப்போது நான் போடுவது அபர்தீன் பஜாரில் ஒரு டெய்லர் பாய் தைத்துக் கொடுத்தது. பாலியஸ்டர் கலந்த மெல்லிய காட்டன் துணி, பாசிப் பச்சை. லூஸாக இருக்கும். முழங்காலில் மட்டும் உள்ளே இன்னொரு அடுக்கு. தொடை சேருமிடத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைக்கச் சொன்னேன், குந்தி உட்கார்ந்தால் கிழியாது. "எதுக்கு சார், கபடி ஆடவா?" என்றார். கால் நுனியை முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவு காட்டன் உறைக்குள் செருகிக் கட்டிவிட்டால் அட்டை உள்ளே நுழையாது. வீட்டுக்கு வந்ததும் துணி நேரே வெந்நீருக்கு, நாங்கள் நேரே குளிக்க. பையனுக்கும் அதே துணியில் ஒன்று. முனகிக்கொண்டே போடுகிறான்.

கழிமுகப் பக்கம் முதலைக்கு மட்டும் எந்த பேண்ட்டும் உதவாது, அந்தப் பக்கம் போகாமல் இருப்பதுதான் வழி :)

மச்சான் பேண்ட் பீரோவில் இருக்கிறது. டிசம்பரில் ஊட்டிக்குப் போனால் போட்டுக்கொள்ளலாம். போன வாரம் போனில் எப்படியிருக்கு என்று கேட்டார். சூப்பர் என்று சொல்லியிருக்கிறேன்.