விழிஞ்சம் பக்கத்துலதான் இருக்கு. சாலைக் கடைத்தெருவில் விலை ஏன் குறையல? ஷிப்பிங் வார்த்தைகள் சொல்லும் கணக்கு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பக்கம் போனவர்களுக்கு சாலைக் கடைத்தெரு தெரிந்திருக்கும். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. ஆலப்புழை துறைமுகத்தை வளர்த்தவரும் அவர்தான். இன்றும் இங்கே தமிழ் வியாபாரிகள் நிறைய. காய்கறி, பூ, பலசரக்கு என நிறைய சரக்கு தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வருகிறது.

இங்கிருந்து சுமார் 15 கி.மீ. தள்ளி விழிஞ்சம் துறைமுகம். 2024 டிசம்பரில் வணிகரீதியான இயக்கம் தொடங்கியது. 2025 மே 2-ல் பிரதமர் மோடி முறைப்படி திறந்துவைத்தார். அடுத்த மாதமே, உலகின் மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல்களில் ஒன்றான எம்.எஸ்.சி. இரினா வந்து நின்றது.

"இவ்ளோ பெரிய துறைமுகம் பக்கத்துலயே இருந்தா, கடையில விலை குறையணுமே?" என்று உங்களுக்குத் தோன்றலாம். பதில் சில ஷிப்பிங் வார்த்தைகளில் இருக்கிறது. ஒவ்வொரு வார்த்தையையும் பார்க்கும்போது ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த இடத்தில் செலவு யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

டி.இ.யூ. என்றால்?

20 அடி கன்டெய்னர் ஒன்று, ஒரு டி.இ.யூ. 40 அடி பெட்டி என்றால் 2 டி.இ.யூ. எம்.எஸ்.சி. இரினாவின் கொள்ளளவு 24,346 டி.இ.யூ.

டிரான்ஷிப்மென்ட்: பெட்டி வரும், ஊருக்குள் வராது

இவ்வளவு பெரிய 'மதர்ஷிப்' எல்லா துறைமுகத்துக்கும் போக முடியாது. ஆழம் வேண்டும். விழிஞ்சத்தில் இயற்கையாகவே 18 முதல் 20 மீட்டர் ஆழம். சர்வதேச கப்பல் பாதையும் சுமார் 10 கடல் மைல்தான். அதனால் மதர்ஷிப் இங்கே பெட்டிகளை இறக்கும். சின்ன 'ஃபீடர்' கப்பல்கள் அவற்றை மற்ற துறைமுகங்களுக்குக் கொண்டுபோகும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறுவது மாதிரி.

இந்தியாவின் டிரான்ஷிப்மென்ட் சரக்கில் சுமார் 75% கொழும்பு, சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்கள் வழியாகவே போய்வந்ததாக மத்திய அரசு சொல்லியிருக்கிறது. அதை இங்கே இழுப்பதுதான் விழிஞ்சத்தின் முதல் வேலை.

ஒரு விஷயத்தை கவனியுங்கள். கப்பல் மாறும் பெட்டி, இறங்கும்போது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை என இரண்டு தடவை கணக்கில் வரும். 'இத்தனை லட்சம் டி.இ.யூ.' என்ற தலைப்பைப் பார்த்ததும் அவ்வளவு சரக்கு ஊருக்குள் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கேட்வே கார்கோ: இதுதான் உங்களுக்கான சரக்கு

துறைமுக வாசலைத் தாண்டி சாலை, ரயில் வழியாக உள்ளூருக்கு வரும் (அல்லது உள்ளூரிலிருந்து போகும்) சரக்கு இது. இதற்கு ஆழமான கடல் மட்டும் போதாது. சுங்கச் சோதனை வசதி, கிடங்கு, நெடுஞ்சாலை இணைப்பு, ரயில் எல்லாம் வேண்டும். பாலராமபுரம் வரை திட்டமிட்ட 10.7 கி.மீ. ரயில் பாதையில் பெரும்பகுதி சுரங்கம். கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்ட ஏற்றுமதியாளர்களுக்கு உண்மையான பலன் இந்த இணைப்புகளில்தான்.

எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்.: கப்பல் மூழ்கினால் யார் தலையில்?

2025 மே 25. விழிஞ்சத்திலிருந்து கொச்சி போன எம்.எஸ்.சி. எல்சா 3 கடலில் மூழ்கியது. அதில் 640 கன்டெய்னர்கள். 13 பெட்டிகளில் ஆபத்தான சரக்கு. பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கடற்கரை வரை ஒதுங்கின.

எஃப்.ஓ.பி. விலையில் கப்பல் வாடகை வாங்குபவருக்கு. சி.ஐ.எஃப். விலையில் வாடகையும் இன்ஷூரன்ஸும் விற்பவர் கட்டுவார். "அப்போ சி.ஐ.எஃப்.ல நஷ்டமும் விற்பவருக்குத்தானே?" இல்லை. இரண்டிலுமே, சரக்கு கப்பலில் ஏறியதும் ரிஸ்க் வாங்குபவருக்கு மாறிவிடும். சி.ஐ.எஃப்.ல் விற்பவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்ச இன்ஷூரன்ஸ் மட்டும்தான். இறக்குமதி செய்யும் சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்களா? பாலிசியில் எதெல்லாம் கவர் ஆகிறது என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

டெமரேஜ், டிடென்ஷன்: நாள் ஓட ஓட மீட்டர்

இலவச நாட்கள் முடிந்தும் பெட்டி துறைமுகத்துக்குள்ளேயே நின்றால் டெமரேஜ். வெளியே எடுத்துப்போன பெட்டியை காலியாகத் திருப்பித் தர லேட்டானால் டிடென்ஷன். ஒரு ஆவணத்தில் சின்னப் பிழை இருந்தால்கூட இந்த மீட்டர் ஓடும். கடைசியில் அந்தப் பணம் பொருளின் விலையில் ஏறும்.

கடைசி மைல்: கடை வாசலில் நடப்பது

கடலில் மிச்சமான காசு கடைத்தெருவில் கரையலாம். கேரளாவில் இதற்கென்றே ஒரு வார்த்தை உண்டு: நோக்குகூலி. சுமையைத் தொடாமல், பார்த்து நின்றதற்குக் கேட்கப்படும் கூலி. 2018 மே 1 முதல் மாநில அரசு இதற்குத் தடை விதித்தது. அதேநேரம், 1978-ம் ஆண்டின் சுமட்டுத் தொழிலாளர் சட்டம்தான் உண்மையில் சுமை தூக்குபவர்களின் கூலிக்கும் நலனுக்கும் பாதுகாப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது.

அப்போ விலை எப்போ குறையும்?

நாகர்கோவில் பக்கமிருந்து லாரியில் வரும் காய்கறிக்கு மதர்ஷிப்போடு சம்பந்தமே இல்லை. அதன் விலையை முடிவு செய்வது விளைச்சல், டீசல், லாரி வாடகை, இறக்குகூலி. இறக்குமதிப் பொருளுக்கு விழிஞ்சம் உதவலாம், ஆனால் அது கேட்வே வழியாக வெளியே வந்தால்தான். அடுத்தமுறை துறைமுகச் செய்தி படிக்கும்போது எத்தனை கப்பல் வந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை பெட்டி வாசலைத் தாண்டியது என்றும் தேடுங்கள்.