எவ்வளவு மழைக்குப் பாதுகாப்பு?

யாங்கோனுக்கு வடக்கே, பகோ யோமா மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் நெல்வயல்கள் சூழ அமைந்த ஊர் மாவ்பி. கீழ்ப் பர்மாவின் வயல்களில் வியர்வை சிந்திய தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் அப்பிராந்தியத்தில் வாழ்கின்றனர். பருவமழை பிறந்துவிட்டால் அவ்வயல்களின் கதி, நீர்த்தேக்கங்களின் கதவுகளை இயக்குவோரின் கையில்தான்.

அதே மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தில், 2018 ஓகஸ்ட் 29 அதிகாலையில், சுவா ஓடை அணையின் கலிங்கு உடைந்தது. எண்பதுக்கு மேற்பட்ட கிராமங்களை வெள்ளம் சூழ்ந்தது. அறுபதினாயிரத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தனர். நீர் ததும்புவதைக் கண்டு ஊரவர் அஞ்சியிருந்தபோதும், அணைக்கு ஆபத்தில்லை என்று சில நாட்களுக்கு முன்னர்தான் அரச தரப்பு அறிவித்திருந்தது. எவ்வளவு மழைக்கு ஆபத்தில்லை, எந்தப் பதிவுகளை வைத்து அம்முடிவு எட்டப்பட்டது என்பன அவ்வூரவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

நீரை முன்கூட்டியே திறந்துவிட்டு மழை பொய்த்தால் கோடைப் பயிர் கருகும். தேக்கி வைத்து மழை கொட்டினால் ஊர் மூழ்கும். நாளைய மழையை அறியாமலே இன்று முடிவெடுத்தாக வேண்டும். இத்தகைய முடிவுகளுக்குத் தரவுகளைக் கொண்டு உத்தரவாதம் அளிக்கும் கணிதம் கடந்த சில பத்தாண்டுகளில் வளர்ந்துள்ளது. இத்தாலியரான கலஃபியோரே, காம்பி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. எத்தனை மாதிரி நிலைமைகளில் ஒரு முடிவு சோதிக்கப்பட்டது என்பதைக் கொண்டு, அது பிழைத்துப்போகும் வாய்ப்புக்கு உச்ச எல்லை வகுக்கலாம் என அவர்கள் காட்டினர்.

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். ஒரு குளத்துக்கு 39 ஆண்டுப் பதிவுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரிய வெள்ளத்தைத் தாங்குமாறு கதவுகள் இயக்கப்படுகின்றன. மழையின் இயல்பு மாறாதென்றால், அடுத்த ஆண்டு அவ்வெல்லை மீறப்படும் வாய்ப்பு 40இல் 1. சிறிதுதானே எனத் தோன்றும். ஆனால் அடுத்த 30 ஆண்டுகளையும் சேர்த்தால் மொத்தம் 69 ஆண்டுகள்; அவற்றின் பெருவெள்ளம் பிந்திய முப்பதில் ஒன்றில் வருவதற்கான வாய்ப்பு 69இல் 30, அதாவது நூற்றுக்கு நாற்பத்து மூன்று! தன் ஆயுளுக்குள் வீட்டை இழக்கக்கூடிய ஒருவருக்கு இதையும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லால்தான் அறிவிக்கின்றனர்.

மழையின் இயல்பு மாறாது என்ற அனுமானமும் இன்று ஆட்டங்கண்டுவிட்டது. பதிவுகளிலிருந்து உண்மை எவ்வளவு தூரம் விலகும்வரை முடிவு நிலைக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்கும் முறைகள் உள்ளன. அவற்றுக்கு நீரையோ பணத்தையோ கூடுதலாக விலை கொடுக்க வேண்டும். பதிவுகளே அறுந்துபோன இடங்களில் அவ்விலை இன்னும் ஏறும். போரால் மழைமானிகள் கவனிப்பாரற்றுப்போன எமது வடக்கு அதற்குச் சான்று. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலும், 2018 டிசம்பரில் இரணைமடுவிலும் கதவுகள் பிந்தித் திறக்கப்பட்டனவா என்ற சர்ச்சை எழுந்தது. நீர் வடிந்த பின்னர் நடத்தும் விசாரணையால் மூழ்கிய வீடு திரும்பாது.

ஆகவே, பருவமழைக்கு முன்னரே ஒவ்வொரு நீர்த்தேக்கத்தின் இயக்க விதியும், அதற்கு ஆதாரமான பதிவுகளின் ஆண்டுக்கணக்கும், அது தாங்காத மழையின் அளவும் கீழே வாழ்வோரின் மொழியில் வெளியிடப்பட வேண்டும். மாவ்பியில் அது பர்மிய மொழியிலும், கிளிநொச்சியில் தமிழிலும், கிராமப் பொது மண்டபத்தின் சுவரில் தொங்க வேண்டும்.